தோற்றால் என்ன போகும்?

கன்சோல் கேம்களின் வரலாற்றைப் பெரும்பாலும் படங்களின் வரலாறாகவே சொல்கிறார்கள். கட்டம் கட்டமாக இருந்த மாரியோ முப்பரிமாணமானார், பிறகு முகத்தின் வியர்வைத் துளி வரை தெரிந்தது என்று கதை போகும். எனக்கு இதில் உடன்பாடில்லை. தோற்றவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதுதான் ஒரு கேமின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அப்படிப் பார்த்தால், இந்தத் தொழிலின் பெரிய திருப்பங்கள் திரையைவிட அதிகமாக சேவ் செய்யும் முறையில்தான் நடந்திருக்கின்றன.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. 8 உலகங்கள், 32 கட்டங்கள், சேவ் கிடையாது. சுவிட்சை அணைத்தால் மறுபடி முதல் கட்டம்தான். ஆனால் இரண்டாம் கட்டத்தின் சுரங்கத்தில் கூரைச் செங்கல் மேல் ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டி ஓடினால், நேராக 2, 3, 4ஆம் உலகங்களுக்குப் போகும் குழாய்கள் நிற்கும். அதைத் தெரிந்துகொண்டவர் மறுநாள் அங்கிருந்து தொடரலாம். சேவ் கேசட்டில் இல்லை, ஆடுபவரின் தலையில் இருந்தது. நம் ஊரில் 1990களில் விற்ற, ஃபேமிகாம் கன்சோலின் நகல் பெட்டிகளோடு, பல கேம்களை ஒன்றாக அடைத்து வந்த கேசட்டுகளிலும் பெரும்பாலும் இந்த வகைதான்: மாரியோ, காண்ட்ரா, சர்க்கஸ்.

இதெல்லாம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கடைகளின் மிச்சம், இதில் என்ன கலை என்று கேட்கலாம். பாதி உண்மை. கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸ் கடைசிவரை வந்தவரிடம் ‘இது மாயை’ என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஆடவைக்கிறது. அதற்கு எந்தச் சாக்கும் சொல்ல நான் தயாரில்லை, அது ஆடுபவரின் நேரத்தைத் திருடுவது. கிரேடியஸை 1986இல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தன்னாலேயே அதை முடிக்க முடியாமல்தான் அந்தப் புகழ்பெற்ற ரகசியப் பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். காண்ட்ராவில் 3 உயிரை 30 ஆக்கியதும் அதே வரிசைதான். ஆக, கடினம் என்பதாலேயே ஒரு கேம் உயர்ந்துவிடாது. மாரியோவில் ஒவ்வொரு தோல்வியும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது. கோஸ்ட்ஸ் அண்ட் கோப்ளின்ஸின் அந்தக் கடைசித் தண்டனையில் கற்க எதுவும் இல்லை.

இந்த வித்தியாசத்தை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர் டிராகன் குவெஸ்ட்டை வடிவமைத்த யூஜி ஹோரி என்பது என் எண்ணம். 1986இல் வந்த அந்தக் கேமில் செத்தால் கையிலிருக்கும் தங்கத்தில் பாதி போகும், சேர்த்த அனுபவப் புள்ளிகள் போகாது. அரசர் முன்னால் மறுபடி எழுந்து நிற்கலாம். கைவேகம் இல்லாதவரும் பொறுமையிருந்தால் முடித்துவிடலாம். ஆனால் கேசட்டில் சேமிக்க இடமில்லை, அதனால் 20 ஹிரகானா எழுத்துகள் கொண்ட ஒரு ‘மந்திரத்தை’ அரசர் சொல்வார். பேப்பரில் எழுதிவைத்து, மறுநாள் அப்படியே உள்ளிட வேண்டும். 1987இல் இரண்டாம் பாகம் வந்தபோது அது 52 எழுத்துகள் வரை நீண்டது. ஹிரகானாவில் ‘நு’வும் ‘மெ’யும் ஒரு சிறு சுழியில்தான் வேறுபடும். பழைய டிவியின் மங்கிய திரையில் அந்தச் சுழியைத் தவறவிட்டால் பல நாள் உழைப்பு போய்விடும். இந்த இழப்புக்கும் கேமுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் வேதனை. 1988இல் மூன்றாம் பாகத்தின் கேசட்டுக்குள் பேட்டரி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவில் செல்டாவின் தங்க நிறக் கேசட் பேட்டரியோடு வந்துவிட்டது. நாள்கணக்கில் சுற்றித்திரியும் உலகங்கள் கன்சோலில் வளர வழிவிட்டதில் அந்தச் சின்ன வட்டப் பேட்டரிக்குப் பெரிய பங்கு உண்டு.

பிளேஸ்டேஷன் காலத்தில் 128 கிலோபைட் மெமரி கார்டு வந்து இடப் பிரச்சினை தீர்ந்தது. அப்போதும் 1996இல் ரெசிடென்ட் ஈவில் வேண்டுமென்றே சேவ் வசதியைச் சுருக்கியது. டைப்ரைட்டர் இருக்கும் அறையில்தான் சேவ் செய்யலாம், ஒவ்வொரு முறைக்கும் ஒரு மை ரிப்பன் செலவாகும். கதாநாயகன் கிறிஸால் 6 பொருள்களைத்தான் சுமக்க முடியும். ரிப்பனை எடுத்தால் தோட்டாவுக்கோ மூலிகைக்கோ இடம் குறையும். பயத்தைக் கிளப்பியது ஜாம்பிகள் மட்டுமல்ல, இந்தக் கணக்கும்தான். அந்த வரிசையில் இன்றும் முதல் கேமுக்கே என் ஓட்டு.

வேலை முடிந்து இரவு ஒரு மணிநேரம் ஆட உட்காருபவருக்கு இந்தக் கெடுபிடி அநியாயம் இல்லையா? நியாயமான கேள்வி. 2011இல் வந்த டார்க் சோல்ஸ் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. எந்த நொடியிலும் வெளியேறி, பிறகு பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்தே தொடரலாம். ஆனால் செய்த தவறு எதையும் அழிக்க முடியாது. இடைநிறுத்துவது வேறு, நடந்ததை இல்லை என்று ஆக்குவது வேறு. 2013இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் கதையில் எவ்வளவோ உயர்ந்தது. ஆனால் சண்டையில் செத்தால் சற்று முந்தைய இடத்தில் போய் நிற்கிறோம், கதை பேசும் மரணத்தின் கனம் கைக்கு வருவதில்லை. உடனே மறுபடி ஆரம்பிப்பதே குற்றம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2018இல் வந்த செலஸ்ட் கேமில் செத்த கணமே அதே திரையில் எழுந்துவிடுகிறோம், ஆனாலும் ஒவ்வொரு தாவலும் முழுதாக நம்முடையதாக இருந்தால்தான் அடுத்த திரை திறக்கும்.

2019இல் நின்டென்டோ தன் ஸ்விட்ச் சேவையில் பழைய கேம்களைப் பின்னோக்கி ஓட்டும் வசதியைச் சேர்த்தது. மாரியோ பள்ளத்தில் விழுந்ததும் ஆட்டத்தைப் பின்னுக்கு இழுத்து, அவரை மறுபடி விளிம்பில் நிறுத்தி, இன்னொரு முறை தாவவைக்கலாம். அதே 40 கிலோபைட், அதே செங்கல், அதே இசை. ஆனால் அந்தப் பள்ளத்தைப் பார்த்து யாரும் இப்போது ஓட்டத்தைக் குறைப்பதில்லை.