வாக்ரி மக்களின் பட்டியலேற்பும் பெயர்ச் சிக்கலும்: ஆவடியை முன்வைத்து

நரிக்குறவர் எனத் தமிழகத்தில் அழைக்கப்பெறும் மக்கள் தம்மை வாக்ரி என்றே குறிப்பிடுகின்றனர். அவர்தம் வாக்ரிபோலி குஜராத்தியோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழியாகும். தமிழ் பேசும் குறவரோடு அவர்களை இணைப்பது பிறர் இட்ட பெயரேயன்றி மொழியன்று.

லோக்கூர் குழு 1965இல் இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2013, 2016ஆம் ஆண்டுகளின் மசோதாக்கள் காலாவதியாயின. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் திருத்தத்தை நிறைவேற்றின. பரிந்துரைக்கும் சட்டத்திற்கும் இடையே 57 ஆண்டுகள். அவ்வாண்டு மார்ச்சில் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் ஆவடியிலுள்ள இம்மக்களின் குடியிருப்புக்கே சென்றார்.

ஆவடி இங்கே தற்செயலான இடமன்று. தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, பிறரோடு பழகத் தயங்குதல், பின்தங்கிய நிலை ஆகியவை லோக்கூர் குழுவின் அளவுகோல்கள். புறநகர் இரயில் தடமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் உள்ள ஓர் ஊரில் புவியியல் தனிமையை எங்ஙனம் காட்டுவது? காடும் மலையும் இல்லாத இடத்தில் தனிமை என்பது சமூக விலக்கமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைத் தொழிலை முடக்கியபின், பாசிமணி விற்க இம்மக்கள் நாடியவை பேருந்து நிலையங்களும் திருவிழாக் கூட்டங்களுமே. நாள்தோறும் நகரத்தாரோடு பழகியும் நகரத்தாராக ஏற்கப்படாதவர்களுக்கு இவ்வளவுகோல்கள் பொருந்தா. பட்டியலேற்பு அவற்றை மீறி நிகழ்ந்தது என்பதே கட்டுரையாளரின் துணிபு.

விளைவு ஒருமுகமானதன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் மத்திய அரசின் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் கிட்டின. மாநிலத்திலோ, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்குரிய 20 விழுக்காட்டிலிருந்து விலகி, ஏற்கெனவே 36 பதிவுகளுக்குப் பொதுவான 1 விழுக்காட்டினுள் நுழைகின்றனர். எனினும் பழைய பெரும்பட்டியலில், பள்ளிப்படிப்பைத் தாண்டியோர் அரிதான ஒரு குழுவால் வலுவான சாதிகளோடு போட்டியிட இயலவில்லை என்பதையும் கருதவேண்டும். அங்கிருந்த 20 விழுக்காடு பெரும்பாலும் தாளளவில் இருந்ததே.

பெயர்ச் சிக்கல் இன்னும் தீரவில்லை. பட்டியலின் 37ஆம் பதிவு ‘நரிக்கொறவன்’, ‘குருவிக்காரன்’ என்ற வடிவங்களையே கொண்டுள்ளது. பட்டியலை உள்ளது உள்ளவாறே படித்தல் வேண்டும் என 2000இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளமையால், சான்றிதழில் ஓர் எழுத்தும் எடையுடையது. ‘குறவர்’ என்னும் பெயர் தமக்கே உரியது எனக் குறவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வாக்ரி என்னும் சொல் அப்பதிவில் இல்லை.