விடுபட்ட ஓர் எண்: இராமானுஜனின் உயர் பகு எண் அட்டவணை

முன்னுரை

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600; இலக்கங்களில் 293318625600. சீனிவாச இராமானுஜன் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வுரையில் 102 உயர் பகு எண்களை அட்டவணையிட்டார். அதில் இடம்பெற்றிருக்க வேண்டிய இந்த எண் விடுபட்டுப்போனது. அட்டவணையில் விடுபட்ட எண்ணையும் அதே ஆய்வுரையின் விதிகளைக் கொண்டே அடையாளம் காணலாம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பிளேட்டோவின் 5040

தன்னைவிடச் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவுக்குக் காரணிகளைப் பெற்ற எண்ணே உயர் பகு எண். 12க்கு 6 காரணிகள் உண்டு. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இவ்வகை எண்ணின் பயனைப் பிளேட்டோ அறிந்திருந்தார். ‘சட்டங்கள்’ நூலில் தாம் கற்பனை செய்த நகருக்கு 5040 நிலவுடைமையாளர்களை அவர் விதிக்கிறார். தன்னைத் தவிர்த்து அந்த எண்ணுக்கு 59 காரணிகள் இருப்பதால், வரிக்கும் படைக்கும் நிலப் பங்கீட்டுக்கும் மக்களை எளிதாகப் பிரிக்கலாம் என்பது அவர் கணக்கு. 1 முதல் 12 வரை 11 மட்டுமே அதை மீதியின்றி வகுக்காது. இரண்டு குடும்பங்களைக் கழித்துவிட்டால் அதுவும் சரியாகிவிடும் என்கிறார்; 5038 = 11 × 458.

இராமானுஜனின் விதிகள்

பிளேட்டோவுக்குத் தேவைப்பட்டது ஓர் எண். இராமானுஜன் அத்தகைய எண்கள் அனைத்தின் அமைப்பையும் தேடினார். உயர் பகு எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால், 2இல் தொடங்கி இடைவெளியின்றிப் பகா எண்கள் வரும். அடுக்குகள் போகப்போகக் குறையுமே தவிர ஏறமாட்டா. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்று அவர் நிறுவினார்.

விடுபட்ட எண்ணை இவ்விதிகளில் பொருத்திப் பார்ப்போம்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. பிளேட்டோவின் எண்ணே இங்கு விடையாக வருகிறது!

வரிசையில் இதற்கு முன்னால் நிற்பது 240940299600, பின்னால் 321253732800. இரண்டிலும் 7 ஒருமுறையே வருகிறது. பகா எண்கள் 23 வரை நீள்கின்றன. இடையில் உள்ள இந்த எண்ணோ 23ஐ விட்டுவிட்டு 7ஐ இருமுறை ஏற்கிறது. அட்டவணையின் இறுதி எண்ணான 6746328388800ஐ 23ஆல் வகுத்தால் இதுவேதான் கிடைக்கிறது.

அச்சேறாத பகுதி

இந்த ஆய்வின் அடிப்படையில் 1916இல் கேம்பிரிட்ஜ் இராமானுஜனுக்குப் பட்டம் அளித்தது. ஆனால் ஆய்வு முழுவதும் அச்சேறவில்லை. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்கிருந்த பண நெருக்கடியால் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1944இல் கணிதவியலாளர்களான அலாவோக்ளுவும் எர்தோசும் இத்துறையை விரித்தனர். ஒதுக்கப்பட்ட பகுதியைக் கணிதவியலாளர்களான நிக்கோலாவும் ராபினும் குறிப்புகளோடு 1997இல் வெளியிட்டனர்.

அதற்கு முன்பே, 1984இல், ராபின் வேறொரு முடிவை எட்டியிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளுடைய கூட்டுத்தொகைக்கு அவர் ஓர் உச்சவரம்பு வகுத்தார். 5040ஐத் தாண்டிய எந்த எண்ணும் அவ்வரம்பை எட்டாது என்பதும், கணிதத்தின் பெரும் புதிரான ரீமன் கருதுகோள் உண்மை என்பதும் ஒன்றே என்று நிறுவினார். 5040இன் காரணிகளைக் கூட்டினால் 19344. அதற்குரிய வரம்போ சுமார் 19237.

முடிவுரை

பிளேட்டோ நிலத்தைப் பங்கிட எடுத்துக்கொண்ட 5040, கணிதத்தின் பெரும் புதிர் ஒன்றுக்கு எல்லைக்கல்லாக நிற்கிறது. இராமானுஜனின் அட்டவணையில் ஒரு வரி குறைந்தது. அந்த வரியை நிரப்பத் தேவையான விதிகளில் குறையில்லை.