மன்னிப்புக் கடிதம் எழுதாத மாணவி

கோட்டூர்புரத்தில் பஸ் ஏறும்போது அடிக்கடி ஒரு காட்சியைப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் பக்கத்தில்தானே இருக்கிறது. முதுகில் நீளமான குழாய், கையில் அட்டையில் செய்த குட்டி வீடு, அது கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாதே என்ற கவலை, ராத்திரி தூங்காத கண்கள். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள்! நம்ம காமர்ஸ் கூட்டத்தில் இதற்கு ஈடு சொல்லலாம் என்றால் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் போகிறவர்களைத்தான். பகலில் ஆபீஸ், காலையும் மாலையும் வகுப்பு, நடுவில் தூக்கம் இருந்தால் உண்டு :-)

இந்த ஒப்புமை நான் சும்மா சொன்னதில்லை. பிரிட்டனில் ஒரு காலத்தில் கட்டடக்கலையையும் ஆர்ட்டிகிள்ஷிப் முறையில்தான் கற்றார்கள். ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சில வருடங்கள் சேர்ந்து வரைந்து வரைந்து பழக வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது, பல சமயம் மாணவரின் அப்பாதான் பணம் கட்டுவார். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1856ல் அப்படித்தான் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தார். கல்லூரி, பட்டம் எல்லாம் பிறகு வந்தவை.

இந்தப் பழைய முறைக்கும் புதிய கல்லூரி முறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். பெயர் மின்னெட் டி சில்வா.

1918ல் இலங்கையில் கண்டியில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் டி சில்வா அரசியல் தலைவர். அம்மா ஆக்னஸ் பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று போராடியவர். மகளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. ஆனால் அன்றைய இலங்கையில் அதற்குக் கல்லூரி கிடையாது (அங்கே அந்தப் படிப்பு வந்தது 1960களில்தான். நம் சென்னையிலேயே பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கியது 1957ல்). அதோடு அவர் பள்ளிப் படிப்பையும் முறையாக முடித்திருக்கவில்லை. வீட்டில் போராடித்தான் சம்மதம் வாங்கினார். 1930களின் கடைசியில் பம்பாய்க்கு வந்தார்.

பம்பாயில் முதலில் கிடைத்தது கல்லூரி இல்லை, வேலை. மிஸ்திரி அண்டு பெத்வார் என்ற நிறுவனத்தில் பயிற்சியாளர். அங்கேதான் இந்தியாவில் கட்டடக்கலை படித்துத் தேறிய முதல் பெண்களில் ஒருவரான பெரின் மிஸ்திரி தோழியானார். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் வகுப்புக்கும் போனார் மின்னெட். அதன் பிறகுதான் ஜே.ஜே. கலைப்பள்ளியில் கட்டடக்கலை மாணவியாக இடம் கிடைத்தது. சரி, இனி எல்லாம் சுபம் என்று நினைப்பீர்கள்.

1942 ஆகஸ்ட். வெள்ளையனே வெளியேறு இயக்கம். பம்பாயில்தான் அந்தத் தீர்மானம் நிறைவேறியது, காந்தி கைதானதும் அங்கேதான். காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் மின்னெட்டும் கலந்துகொண்டார். பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. அவர் எழுத மறுத்தார். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். அவர் இந்தியாவில் பிறந்தவர்கூட இல்லை. அக்கரையிலிருந்து வந்து இரண்டு மூன்று வருடம் அலைந்து வாங்கிய இடம் அது. நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். நானாக இருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அட்டெண்டன்ஸ் குறைந்ததற்கே எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்!

ஆனால் படிப்பு போன இடத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தது வேலைதான். பெங்களூரில் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். அவரும் நாடு விட்டு வந்தவர். ஜெர்மனியில் பிறந்த யூதர், ஹிட்லர் ஆட்சியில் வேலை இழந்தவர், 1939ல் மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞராக வந்தவர். டாடாவின் ஜாம்ஷெட்பூர் நகரத் திட்டத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அந்தத் திட்டத்திலும், தொழிற்சாலையில் பாகங்களாகச் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடுகளிலும் மின்னெட் வேலை செய்தார். வகுப்பில் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை வருடம் ஆகியிருக்குமோ!

போர் முடிந்ததும் லண்டன் போனார். போரிலிருந்து திரும்பிய மாணவர்களுக்காக நடந்த சிறப்புத் தேர்வை எழுதி ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் சேர்ந்தார். 1948ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அமைப்பான ஆர்.ஐ.பி.ஏ.வில் உறுப்பினரானார். அந்த இடத்தைப் பெற்ற முதல் ஆசியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பம்பாயில் அவர் வரைபலகை முன் உட்கார்ந்து ஏறத்தாழ 10 வருடம் கழித்து!

பி.வி. தோஷியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஆர்.ஐ.பி.ஏ. தேர்வுக்காக லண்டன் போனவர், 1951ல் பாரிஸில் லெ கார்பூசியேயிடம் சேர்ந்தார். முதல் 8 மாதம் சம்பளம் இல்லை. 2018ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர் அவர்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு "கஷ்டப்பட்டால் ஜெயிக்கலாம்" என்று முடித்துவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. காமர்ஸ் புத்தி, கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கச் சொல்கிறது. சம்பளமில்லாத வேலையை யாரால் செய்ய முடியும்? மின்னெட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது. அதே திறமை இருந்தும் வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியிருந்தவர்கள் வரைபலகைப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

இன்னொன்று, ஜெயித்த பிறகும் அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. 1949ல் ஊர் திரும்பி, கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டினார். நவீனமான வீடுதான், ஆனால் உள்ளூர் நெசவும் சுடுமண் ஓடுகளும் அதில் இடம்பிடித்தன. 1958ல் வட்டப்புலுவ குடியிருப்பைத் திட்டமிட்டபோது, குடிவரப் போகிறவர்களிடமே என்ன வேண்டும் என்று கேட்டு வரைந்தார். இன்று இதைப் பெரிய தத்துவமாகப் பேசுகிறோம். ஆனால் இலங்கைக் கட்டடக்கலை என்றதும் எல்லோரும் ஜெஃப்ரி பாவாவின் பெயரைத்தான் சொன்னார்கள். இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் சங்கம் மின்னெட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996ல். இரண்டே வருடத்தில், 1998ல், அவர் கண்டியில் காலமானார்.

வேலையா படிப்பா என்று நாம் அடிக்கடி குழம்புகிறோம். மின்னெட்டின் கதையில் இரண்டும் மாறி மாறி ஒன்றுக்கொன்று கை கொடுத்தன. படிப்பு கதவைச் சாத்தியபோது வேலை திறந்தது. வேலை கொடுக்க முடியாத அங்கீகாரத்தைப் பிறகு படிப்பு கொடுத்தது. ஆனால் அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுதாமல் இருக்கும் துணிச்சலை மட்டும் இரண்டுமே கொடுத்திருக்காது. அது ஓட்டுரிமைக்காகப் போராடிய அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை பஸ்ஸில் யாராவது அட்டை வீட்டோடு ஏறினால், எழுந்து இடம் கொடுங்கள்.