மூலமும் பிரதியும்: சாஞ்சித் தோரண வார்ப்பு பற்றிய ஒரு நோக்கு

நூதனசாலைகளில் உள்ள வார்ப்புப் பிரதிகளை வெறும் போலிகளெனப் புறக்கணிப்போர் உளர். ஆயின், மூலம் எங்கே உளது, பிரதி எங்கே உளது என வினவுமிடத்து, வார்ப்புத் தொழினுட்பத்தின் வரலாறு உடைமையுறவுகளின் வரலாறாகவும் அமைதலை நாம் காண்கிறோம்.

சாஞ்சியின் கிழக்குத் தோரணம் இதற்குத் தக்க சான்றாகும். 1853 இல் போபாலின் சிக்கந்தர் பேகம் சாஞ்சித் தோரணங்களை விக்டோரியா மகாராணிக்கு வழங்க முன்வந்தார். 1857 இன் கிளர்ச்சியும் போக்குவரத்து இடர்களும் அதனைத் தடுத்தன. 1868 இல் மீண்டும் எழுந்த அவ்யோசனையைக் காலனித்துவ அரசு ஏற்கவில்லை. பதிலாக வார்ப்பெடுக்கத் தீர்மானித்தது. கலைப்பொருட் பிரதிகளைப் பரிமாறுதற்கான உடன்படிக்கையொன்றில் ஐரோப்பிய அரச குடும்பத்தினர் 1867 இல் பாரிசிலே கையொப்பமிட்டிருந்தனர். அதனை முன்னின்று இயக்கிய ஹென்றி கோலின் மகனான லெப்டினன்ட் ஹென்றி ஹார்டி கோலே 1869-70 இல் சாஞ்சிப் பணியை நடத்தினார். ஏறத்தாழ 28 தொன் பரிசுச் சாந்தும் ஜெலற்றினும் கப்பலிலும் ரயிலிலும், ஈற்றில் மாட்டுவண்டிகளிலும் அங்கு சென்றன.

இங்கு தொழினுட்பத் தெரிவு முக்கியமானது. இறுகிய சாந்து அச்சு, குடைந்து செதுக்கப்பட்ட பகுதிகளிற் சிக்கிக்கொள்ளும். வலிந்து பிரித்தால் சிற்பமே உடையும். நெகிழும் ஜெலற்றின் அச்சோ வளைந்து கழன்றுவிடும். எனினும், அச்சு ஒட்டாதிருக்கப் பூசும் எண்ணெய் நுண்டுளையுள்ள கல்லிற் கறையாக ஊறக்கூடும். சிலிக்கன் இறப்பரும் இவ்விடரை முற்றாக நீக்கவில்லை. எனவேதான், நலிந்த பொருள்களைத் தொடாது இலேசர்க் கதிரால் அளந்து பிரதி செய்தல் இன்று விரும்பப்படுகிறது. மூலத்துக்கு ஊறின்மையே பிரதியாக்கத்தின் முதல் அறம்.

ஏறத்தாழ 33 அடி உயரமான அவ்வார்ப்பு இலண்டன் சேர்ந்தது. மூலம் சாஞ்சியில் நின்றது. கோலின் பெயரை ஏடுகள் பேணின. சாந்து சுமந்த வண்டிக்காரரின் பெயர்களை அவை பேணவில்லை.

எமது நாட்டிலோ இவ்வுறவு தலைகீழானது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திற் கிடைத்ததாகக் கூறப்படும், பொன்முலாம் பூசிய தாரா வெண்கலப் படிமத்தை, முன்னாள் ஆள்பதி றொபேட் பிரவுன்றிக் 1830 இல் பிரித்தானிய நூதனசாலைக்கு வழங்கினார். மூலம் அங்கே, கொழும்பு நூதனசாலையில் இருப்பதோ பிரதி.

ஆகவே, பிரதி தன்னளவில் விடுதலைக் கருவியுமன்று, வஞ்சகமுமன்று. சாஞ்சியில் அது மூலத்தை அதன் மண்ணில் நிறுத்த உதவியது. கொழும்பில் இழப்பின் இடத்தை நிரப்பி நிற்கிறது. மூலத்தைத் திருப்பியளித்துப் பிரதியை இலண்டனில் வைத்துக்கொள்ளத் தொழினுட்பம் தடையன்று. தடை எதுவென்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.