இரவு பதினொன்றரைக்குப் பிறந்த சிரிப்பு

1950-இல் அமெரிக்காவில் இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருப்பதில் பெரிய பயன் இருக்கவில்லை. நிலையங்கள் பலவும் தேசியகீதத்தைப் போட்டுவிட்டு மூடிவிடும். அந்த நேரத்தில் யார் விழித்திருக்கப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன விளம்பரம் காட்டுவது என்று எல்லோரும் நினைத்தார்கள். என்பிசி நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவை நடத்திய பாட் வீவர் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். நாள் முழுக்க உழைத்தவர் படுப்பதற்கு முன் கொஞ்சம் சிரிக்க விரும்புவார் என்று நம்பினார். மே மாதம் தொடங்குவதாகத் திட்டம். டான் ஹார்ன்ஸ்பி என்ற இளைஞரைத் தொகுப்பாளராகவும் பிடித்துவிட்டார். நிகழ்ச்சி தொடங்கவிருந்த வாரத்தில் ஹார்ன்ஸ்பி போலியோ தாக்கி இறந்துபோனார்.

அவசரம் அவசரமாக ஜெர்ரி லெஸ்டர் என்ற நகைச்சுவை நடிகரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ‘பிராட்வே ஓப்பன் ஹவுஸ்’ என்று பெயர். ஆட்டம், பாட்டம், கோமாளித்தனம் எல்லாம் இருந்தன. மேடையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்காக டாக்மார் என்ற பெண்ணை அழைத்து வந்தார்கள். பார்வையாளர்களுக்கு அவரைத்தான் பிடித்துப்போனது. லெஸ்டருக்குப் பொறுக்கவில்லை, கோபித்துக்கொண்டு வெளியேறினார். பிறகு டாக்மாரின் படம் ‘லைஃப்’ இதழின் அட்டைக்கே போய்விட்டது. 1951 ஆகஸ்டில் நிகழ்ச்சியும் நின்றது. இரவில் சிரிக்க ஆளில்லை என்று சொன்னவர்கள் ஜெயித்துவிட்டதாகவே தோன்றியது.

ஆனால் நாட்டின் மறுகோடியில், லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையம் ஒன்றில், சொன்ன பேச்சு கேட்காத ஓர் ஊழியர் இருந்தார்.

அவர் ஸ்டீவ் ஆலன். இசைத்தட்டுகளைப் போடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவரோ தட்டுகளைக் குறைத்துப் பேச்சைக் கூட்டிக்கொண்டே போனார். பேசாதே, பாட்டைப் போடு என்று மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. ஆலன் அந்த ஓலையையே நேயர்களுக்கு வாசித்துக் காட்டினார். அவர் பேச வேண்டும் என்று கேட்டு நேயர்களிடமிருந்து கடிதங்கள் குவிய, நிர்வாகம் இறங்கிவந்தது. பிறகு ஒருநாள் பாடகி டோரிஸ் டே விருந்தினராக வருவதாக இருந்தது. அவர் வரவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது, கையில் எழுதிவைத்த எதுவும் இல்லை. ஆலன் கனமான ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு பார்வையாளர்களுக்கு நடுவே இறங்கினார். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தார். அரங்கம் சிரித்த சிரிப்பில், எழுதாத பேச்சுதான் தன் தொழில் என்று அவருக்கு விளங்கியது.

1954 செப்டம்பர் 27 அன்று வீவர் அவரை நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்கும் ஒளிபரப்பினார். நிகழ்ச்சியின் பெயர் ‘டுநைட்’. முதலில் தனியாக நின்று கொஞ்சம் பேச்சு, பிறகு ஒரு மேசை, பக்கத்தில் விருந்தினருக்கு இருக்கை, ஓரத்தில் இசைக்குழு. எழுபது ஆண்டுகள் கழித்தும் அதே மேசை, அதே இருக்கை. ஆனால் அன்றைய பேச்சில் அரசியல் மிகக் குறைவு. அது உள்ளே வருவதற்கு ஒரு கழிப்பறை ஜோக் தேவைப்பட்டது.

ஆலன் 1957 தொடக்கத்தில் விலகினார். அவர் இடத்தில் வேறொரு வடிவத்தை முயன்ற என்பிசி ஆறே மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டது. அதன் பிறகு வந்தவர் ஜாக் பார். சட்டென்று கண் கலங்குபவர், சட்டென்று சீறுபவர். 1960 பிப்ரவரியில் அவர் ஒரு கதை சொன்னார். சுவிட்சர்லாந்தில் தங்க இடம் தேடும் ஆங்கிலேயப் பெண்மணி கழிப்பறை வசதி பற்றிச் சுருக்கப் பெயரால் கேட்டு எழுத, படிப்பவர் அதைத் தேவாலயம் என்று புரிந்துகொண்டு பதில் போடுகிறார். இன்று பள்ளி ஆண்டுவிழாவில் சொன்னால்கூட யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். என்பிசியின் தணிக்கையாளர் பாரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அதை வெட்டி எறிந்தார். மறுநாள், பிப்ரவரி 11, மேடைக்கு வந்த பார் தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொன்னார். பிழைக்க இதைவிட நல்ல வழி இருக்கத்தான் வேண்டும் என்றார். ஒளிப்பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டார். மீதி நிகழ்ச்சியை முடித்துவைக்க அறிவிப்பாளர் ஹ்யூ டவுன்ஸ் திகைத்து நின்றார்.

மறுநாள் செய்தித்தாள்களில் இதே பேச்சு. அவர் மார்ச் 7 அன்று திரும்பி வந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுபோல் பேச ஆரம்பித்தார், அரங்கம் ஆர்ப்பரித்தது. தணிக்கையின் கத்தரிக்கோலை எதிர்த்து வெளியேறிய ஒருவர் அதே நாற்காலிக்கு மீண்டும் வர முடியும் என்பதை நாடு பார்த்துவிட்டது. என் கணக்கில் அரசியல் நையாண்டியின் உண்மையான பிறந்தநாள் அதுதான். அந்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தல். கென்னடி அந்த நாற்காலிக்கு வந்தார், நிக்ஸனும் வந்தார். வாக்குக் கேட்க நகைச்சுவையாளர் வீட்டுக்கு வரும் வழக்கம் அப்படித் தொடங்கியது. அங்கே வந்தவர்கள் கேலிக்கும் ஆளாக வேண்டியிருந்தது என்பதை அவர்கள் மெதுவாகத்தான் உணர்ந்தார்கள்.

1962 அக்டோபர் 1 அன்று ஜானி கார்சன் பொறுப்பேற்றார். முப்பது ஆண்டுகள் நீடித்தார். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்று கடைசிவரை காட்டிக்கொள்ளவில்லை. வாட்டர்கேட் காலத்தில் நிக்ஸனையும் விடவில்லை, பின்னால் வந்தவர்களையும் விடவில்லை. அவர் பேச்சுக்கு எவ்வளவு வலு என்பதைக் காட்ட மீண்டும் ஒரு கழிப்பறைச் சங்கதிதான் வந்தது. 1973 டிசம்பரில் விஸ்கான்சினைச் சேர்ந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர், கழிப்பறைக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரலாம் என்று அறிக்கை விட்டிருந்தார். கார்சன் அதை வைத்து ஒரு ஜோக் சொன்னார். மறுநாள் காலை நாடு முழுக்கக் கடைகளில் கூட்டம், அலமாரிகள் காலி, இல்லாத தட்டுப்பாடு நிஜமாகிவிட்டது. கார்சனே திரையில் தோன்றி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வரிச் சிரிப்பு கடையையே காலி செய்யும் என்றால், ஓர் ஆட்சியை என்ன செய்யும்?

அந்தக் கேள்வி அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளிகளுக்கு முன்பே வயிற்றைக் கலக்கியிருந்தது. சிபிஎஸ்ஸில் ஸ்மதர்ஸ் சகோதரர்கள் வியட்நாம் போரைக் கேலி செய்தார்கள். வாரந்தோறும் காட்சிகள் வெட்டப்பட்டன. 1969-இல் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. அவர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள், ஆனால் நிகழ்ச்சி அந்த வடிவில் திரும்பவில்லை. நம் பக்கம் அதே காலத்தில் நடந்ததை நினைக்கும்போது பெருமையாகவே இருக்கிறது. 1968-இல் சென்னை மேடையில் சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ அரங்கேறியது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் கிழித்தது அந்த நாடகம். 1970 ஜனவரி 14 அன்று அதே பெயரில் இதழ் பிறந்தது. சோவின் அரசியலோடு எனக்குப் பல இடங்களில் ஒத்துப்போகாது. ஆனாலும் அந்தத் துணிச்சல் தமிழுக்குக் கிடைத்த சொத்து. தொலைக்காட்சியில் மட்டும் அப்படியொன்று நமக்கு வரவில்லை. 1997-இல் சோனியில் சேகர் சுமன் ‘மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்’ என்று அமெரிக்க மேசையை அப்படியே இந்திக்குக் கொண்டுவந்தார். வாஜ்பாய் குரலிலும் லாலு குரலிலும் பேசி நாட்டைச் சிரிக்க வைத்தார். சில ஆண்டுகளில் அதுவும் ஓய்ந்தது.

அமெரிக்காவிலும் அடுத்த திருப்பம் பெரிய சேனலில் நிகழவில்லை. 1999 ஜனவரியில் ஜான் ஸ்டீவர்ட் என்பவர் ஒரு கேபிள் சேனலின் ‘டெய்லி ஷோ’ என்ற சிறிய நிகழ்ச்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே அதிர்ஷ்டம் அடித்தது. புஷ்ஷா, அல் கோரா என்று தெரியாமல் நாடு ஒரு மாதத்துக்கும் மேல் தொங்கியது. ஃபுளோரிடாவின் வாக்குச்சீட்டுகளை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடினார்கள். வித்தியாசம் 537 வாக்குகள். கற்பனை செய்து எழுத வேண்டிய நையாண்டியைச் செய்தியே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்போதிருந்து, மற்ற சேனல்கள் சொல்லத் தயங்குவதை இந்த மேசை சொல்லும் என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கியது. 2006 ஏப்ரலில் நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் வாஷிங்டனில் பத்திரிகையாளர் விருந்தில் குடியரசுத் தலைவர் புஷ்ஷுக்கு மிக அருகில் நின்றுகொண்டு அவரைப் புகழ்வதுபோல் உரித்தார். அரங்கில் சிரிப்பு குறைவு. பெரிய பத்திரிகைகள் மறுநாள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் யாரோ அதை யூடியூபில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தத் துண்டுக் காணொளிதான் கடல் தாண்டியது. நியூயார்க்கில் கோடைக்காலத்து இரவு 11.35 என்றால் இங்கே பெங்களூரில் காலை 9.05. அமெரிக்க ஷிப்ட் முடித்து எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வீடு திரும்புபவர்களும், ஒயிட்ஃபீல்டுக்குக் கிளம்புபவர்களும் சந்திக்கும் நேரம் அது. டிரம்ப் வென்ற 2016-க்குப் பிறகு கோல்பேர், ஜிம்மி கிம்மல், ஜான் ஆலிவர் ஆகிய இரவுநேர நகைச்சுவையாளர்கள் மூவரும் இந்த ஊர் கைப்பேசிகளில் காலைச் செய்தித்தாளின் இடத்தைப் பிடித்தார்கள். பென்சில்வேனியாவின் தேர்தல் கணக்கு, பக்கத்துத் தொகுதிக் கணக்கைவிட நன்றாகத் தெரிந்தவர்களை இங்கே நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். 2020 பிப்ரவரியில், டிரம்ப் அகமதாபாத் வரவிருந்த தருணத்தில், ஆலிவர் தன் நிகழ்ச்சியில் பிரதமர் மோடியைப் பற்றி ஒரு நீண்ட பகுதி செய்தார். இந்தியாவில் அந்த நிகழ்ச்சியைக் காட்டிவந்த ஹாட்ஸ்டார் அதை வெளியிடவில்லை. யூடியூபில் எல்லோரும் பார்த்தோம். வெளிநாட்டுச் சிரிப்பு இதுவரை வரலாம், இதற்கு மேல் வரக்கூடாது என்று ஒரு கோடு இருப்பது அன்று தெரிந்தது.

கோடு எங்கே என்று முழுதாகத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் இந்திராநகர், கோரமங்களா மேடைகளில் உள்ளூர்ச் சிரிப்பு செழித்திருந்தது. கனன் கில், கென்னி செபாஸ்டியன், தமிழில் பிரவீன் குமார் என்று பலர் இந்த ஊர் மேடைகளில் தேறி எழுந்தார்கள். 2021 நவம்பர் 12 அன்று நகைச்சுவையாளர் வீர் தாஸ் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் நின்று, தான் இரண்டு இந்தியாக்களிலிருந்து வருவதாகச் சில நிமிடங்கள் பேசினார். அமெரிக்க இரவுநேர மேசையின் அச்சு அசலான வடிவம். விஷயம் மட்டும் நம்முடையது. ஊரில் காவல் நிலையப் புகார்கள் பறந்தன. அந்த மாதம் 28-ஆம் தேதி பெங்களூர் குட் ஷெப்பர்ட் அரங்கில் இன்னொரு நகைச்சுவையாளர் முனாவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சி இருந்தது. சட்டம் ஒழுங்கு கெடும் என்று அசோக் நகர் காவல் நிலையம் அமைப்பாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. நிகழ்ச்சி ரத்து. டிசம்பரில் குணால் கம்ரா, பெங்களூரில் நடக்கவிருந்த தன் நிகழ்ச்சிகள் ரத்தாகிவிட்டதாக அறிவித்தார். 2022 நவம்பர் 10 அன்று மல்லேஸ்வரத்தின் சௌடய்யா நினைவு அரங்கில் வீர் தாஸ் பேச வேண்டும். ஓர் இந்து அமைப்பு புகார் கொடுத்தது. அந்த இரவு அவர் பேசவில்லை.

ஓராண்டு கழித்து, 2023 நவம்பரில், கென்னடி மையப் பேச்சுக்குப் பிறகு நடந்ததையெல்லாம் சிரிப்பாகச் சொன்ன அவருடைய ‘லேண்டிங்’ நிகழ்ச்சிக்கு நியூயார்க்கில் சர்வதேச எம்மி விருது கிடைத்தது.

அமெரிக்காவே அடுத்துத் தடுமாறியது. 2025 ஜூலையில், டிரம்போடு தன் சேனலின் தாய் நிறுவனம் செய்துகொண்ட 1.6 கோடி டாலர் சமரசத்தை கோல்பேர் லஞ்சம் என்று மேடையில் சொன்னார். மூன்றே நாளில், அவருடைய ‘லேட் ஷோ’ 2026 மே மாதத்தோடு முடிவதாக சிபிஎஸ் அறிவித்தது. காரணம் பணம் மட்டுமே என்றது. செப்டம்பர் 17 அன்று, ஒளிபரப்பு ஆணையத் தலைவரின் மிரட்டலுக்குப் பின், ஜிம்மி கிம்மலை ஏபிசி நிறுத்திவைத்தது. இந்த முறை பார்வையாளர்கள் சும்மா இருக்கவில்லை. ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னியின் சந்தாக்களை ரத்து செய்தார்கள். நூற்றுக்கணக்கான கலைஞர்கள் கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 23 அன்று கிம்மல் மேடைக்குத் திரும்பினார். ஜாக் பார் திரும்பிவர இருபத்தைந்து நாள் ஆனது; கிம்மலுக்கு ஆறு நாள் போதுமாயிருந்தது.

பெங்களூருக்குப் பார்வையாளர்களின் அந்தத் துணையும் தேவையில்லை. சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தால் கிடைத்தது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழை, கலவரம் வரும் என்ற அச்சத்தையும் கணக்கில் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது, அதைக் காப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தை நான் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை முழு மனதோடு ஏற்கிறேன். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கர்நாடகக் காவல் துறை செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை புகார் வரும்போது அரங்குக்குக் கடிதம் அனுப்பாமல், அரங்கின் வாசலில் காவலர்களை நிறுத்த வேண்டும்.