சுராங்கனியின் பூர்வீகம்

2018ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் ஏ. ஈ. மனோகரன் சென்னையிற் காலமானார். அவருக்கு அப்பொழுது வயது 73. செய்தி எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையை எட்டியபோது ஒருவர் மேசைமீது விரலாற் தாளம் போட்டார்; மற்றொருவர் முறுவலித்தார்; மூத்த தமிழாசிரியர் ஒருவர், "அதெல்லாம் பாட்டா? வெறும் கூத்தாட்டம்" என்று கூறிவிட்டுக் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினார். அவர் கையிலிருந்த கொப்பிகளில், மட்டக்களப்பின் கூத்துச் செல்வம் பற்றி அவரே எழுதப் பணித்த கட்டுரைகள் இருந்தன. கூத்தைப் போற்றிக்கொண்டே 'கூத்தாட்டம்' என்பதை வசைச்சொல்லாக ஆள நம்மால் எவ்வாறு இயலுகிறது என்ற கேள்வி அன்று என்னுள் எழுந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, சென்னையில் மறைந்த அந்தப் பாடகரின் கதை நம் வாவிக்கரையிலேயே வந்து முட்டியது.

மனோகரனை இந்தியாவில் 'சிலோன் மனோகர்' என்பர். இலங்கையில் அவருக்கு வழங்கிய பட்டம் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி'. சிங்களப் பாடகர் எம். எஸ். பெர்னாண்டோவையும் மக்கள் 'பைலாச் சக்கரவர்த்தி' என்றே அழைத்தனர். நாடு 1972இல் முடியாட்சியைத் துறந்து குடியரசாயிற்று. பாட்டுக்காரருக்கு மாத்திரம் முடிகள் மிஞ்சின போலும்! இப்பட்டங்களைச் சூட்டியவை அரண்மனைகளோ சங்கீத சபைகளோ அல்ல. நகரசபை மைதானங்களிலும் களியாட்ட விழாக்களிலும் சீட்டு வாங்கி நின்ற மக்களே அவற்றைச் சூட்டினர். மேடையில் ஓயாது ஆடிக்கொண்டே பாடிய மனோகரன், கையைக் கட்டிக்கொண்டு கேட்பதே இரசனை என்றிருந்த தமிழ்ச் சபையோரைக் கையைத் தட்டவும் காலை அசைக்கவும் வைத்தார். 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' என்னும் ஈழத்துத் திரைப்படத்தில் நடித்தார். பின்னர் தென்னிந்தியத் திரையுலகிற் பல மொழிப் படங்களிற் பெரும்பாலும் வில்லன் வேடம் தாங்கினார். நாடறிந்த ஒரு பாடகனை அங்குள்ள படத்தொழில் அடியாளாக்கிச் சம்பளம் கொடுத்தது. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது 'சுராங்கனி'.

அப்பாட்டின் பொருள் மிக எளியது. சுராங்கனி என்னும் பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்தியை அது கூறுகிறது, அவ்வளவே. சிங்களமும் தமிழும் அதில் ஒரே தோணியில் ஏறி வருகின்றன. மொழியின் பெயரால் நாடு பிளவுண்ட காலத்தில் இரு மொழிகளையும் ஒரே மூச்சிற் பாட மக்கள் கூசவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் அதைக் கேட்டவுடன் உடலைப் பற்றுவது சொல்லன்று, தாளம். நமது இசையாசிரியர்கள் 'திசிர நடை' என்று ஒரு சொல்லில் அடக்கிவிடக்கூடிய, உருண்டு உருண்டு முன்னே தள்ளும் அந்தத் தாளத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு.

போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில், 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறியது, போர்த்துக்கேயரின் கலப்பு வழிவந்த மக்கள் வாவிக்கரையிலேயே தங்கினர். ஆண்டவர்கள் போனபின் எஞ்சியவர்களிடம் நிலமுமில்லை, பதவியுமில்லை. தச்சும் கொல்லும் தையலும் அவர்களின் சீவனோபாயமாயின. பிற்காலத்தில் இயந்திரம் திருத்துதலும் சேர்ந்தது. கொழும்பிலிருந்த ஒல்லாந்தப் பறங்கியர், உத்தியோகமும் ஆங்கிலமும் வாய்த்தவர்கள், இவர்களை 'மெக்கானிக்' என்று இகழ்ந்தனர். கையால் உழைப்பதைச் சாதிப்பெயராக்கி வைவது நமக்கு மட்டுமே உரிய வழக்கமன்று என்பதை இதனால் அறியலாம்.

இவர்களின் திருமண வீடுகளில் வயலினும் பறையும் ஒலிக்க ஆடப்பட்டதே கப்ரிஞ்ஞா. அச்சொல்லின் அடி 'காப்பிரி'. போர்த்துக்கேயர் கப்பலேற்றிக் கொணர்ந்த ஆபிரிக்க அடிமைகளின் பெயர் அதில் உறைந்து கிடக்கிறது. 'பைலா' என்பதோ ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. எசமானின் மொழியும் அடிமையின் அடவும் கலந்த இக்கலையை நம் ஊர்த் தச்சன் தன் மகளின் கலியாணத்தில் ஆடினான். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கட்டிக் காத்தவை அத்தகைய வீட்டு முற்றங்களே.

மட்டக்களப்பு மீன்பாடும் தேனாடு என்பதைச் சொல்லாத மேடைப் பேச்சாளர் எங்கள் பகுதியில் இல்லை. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1848இல் இங்கு தோணியேறி, நீருக்கடியிலிருந்து எழும் அந்த இன்னொலியைக் காதுகொடுத்துக் கேட்டு நூலில் எழுதிவைத்தார். அதனை நாம் இன்றும் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். அதே கரையில் மனிதர் பாடியதை எழுதி வைத்தவர் ஹியூ நெவில் என்னும் மற்றோர் உத்தியோகத்தர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் சேர்த்த ஏடுகளில் மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாட்டுகளும் கப்ரிஞ்ஞாப் பாட்டுகளும் உள்ளன. அவை இலண்டனிற் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்து கே. டேவிட் ஜாக்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். மீனின் பாட்டை மேற்கோள் காட்டும் நாம், பக்கத்துத் தெருத் தச்சனின் பாட்டை அயல்நாட்டார் ஏட்டில் தேட வேண்டியிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

பைலா, தென்மேற்குக் கரையில் சிங்களத்திற் புகுந்து வேறொரு வாழ்வு பெற்றது. பொலிஸ்காரராகக் கடமையாற்றிய வொலி பாஸ்ரியன் அதனைக் குழுப்பாட்டாக்கி வளர்த்தார். ஒருவர் பாட மற்றவர் உடனுக்குடன் மறுத்துப் பாடும் 'வாத பைலா'ப் போட்டிகளும் நடந்தன. களத்துமேட்டிலும் வரப்பிலும் எதிர்க்கவி கட்டும் நம் முஸ்லிம், தமிழ் உழவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

அங்கிருந்து அது தமிழுக்கு வந்த வழிகளில் ஒன்று அம்பாறை. இன்றைய அம்பாறை மாவட்டம் 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களில், தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956 சூன் மாதத்தில், தமிழர் வேட்டையாடப்பட்டனர், பலர் மாண்டனர். பின்னர் அதே மண்ணில், அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற உரும்பிராய் இளைஞர் நித்தி கனகரத்தினம், சிங்கள மாணவர் பாடிய தாளத்தில் தமிழ்ச் சொற்களைப் பொருத்திப் பாடினார். தாமே எழுதித் தாமே பாடியவர் அவர். 'சின்ன மாமியே' என்னும் பாட்டில் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் குரல், யாழ்ப்பாணத்து வேலியோரத்துக் குரல். தாளமோ கீழ்க்கரையும் தென்கரையும் தந்தது. குருதி காயாத மண்ணில் ஒருவர் தாளத்தை மற்றவர் கடன் வாங்கினார் என்பதை எந்தச் சமாதான மாநாடும் பதிந்துவைக்கவில்லை. திருகோணமலைச் சகோதரர் பரமேஷும் கோணேஷும் இதே தலைமுறையினர். மனோகரன் இவர்களுள் ஒருவராக எழுந்து, எல்லோரினும் பரந்த புகழ் பெற்றார்.

இவ்வெழுச்சிக்குத் திறமை மட்டும் காரணமன்று. 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகளை இறுக்கியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் திரைப்படங்களும் அக்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பாணுக்கு வரிசையில் நின்ற அவ்வாண்டுகளை நான் பொற்காலம் என்று சொல்லத் துணியேன். எனது பெற்றோர் அவ்வரிசைகளில் நின்றவர்கள். ஆயினும், வெளிச்சரக்கு மட்டுப்பட்டபோது உள்ளூர் எழுத்தும் படமும் பாட்டும் தலைதூக்கின என்பது மறுக்க முடியாத உண்மை. 1977இல் சந்தை திறந்தது. ஒலிநாடாக்கள் வந்து குவிந்தன. உள்ளூர்ப் பொப்பிசை ஒதுங்கியது. 1983இன் வன்செயலும் அதன்பின் 2009வரை நீண்ட போரும் இரவு நிகழ்ச்சி என்ற ஒன்றையே தமிழ்ப் பகுதிகளிலிருந்து துடைத்தெறிந்தன. பாடகர் சென்னைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சிதறினர்.

சுராங்கனியோ இவர்களுக்கு முன்பே கடல் கடந்துவிட்டாள். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்ப்படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் பாட, அவள் தமிழ்நாட்டுக் குடிமகளானாள். தமிழகத்தில் எத்தனையோ பேர் அதைத் திரைப்பாட்டென்றே அறிவர். மனோகரனை மறந்துவிட்டார்கள் என்று நாம் முறையிடுவது நியாயமே. அம்முறையீட்டை இன்னும் சற்றுப் பின்னே கொண்டுபோனால், மனோகரனைப் போற்றும் நாமும் யாரை மறந்தோம் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம்.

முற்போக்கு அணியினராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. 1960களில் மண்வாசனை, தேசிய இலக்கியம் என்று நம் முன்னோடிகள் நடத்திய வாதங்கள் பெரும்பயன் விளைத்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையேற்றி, 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' எனப் படைத்தபோது, படிப்பறியாதோர் ஆட்டமென்று தள்ளப்பட்ட கலை தலைநிமிர்ந்தது. அப்பணி மகத்தானது. ஆனால் அதே ஊரில், அதே காலத்தில், அதேபோன்ற உழைப்பாளர் ஆடிய கப்ரிஞ்ஞா எவர் கண்ணிலும் படவில்லை. அந்நியன் கொணர்ந்தது என்பது காரணமாயிற்று. கூத்து மேடையில் அரசர்கள் வந்தனர், புராணம் வந்தது, செந்தமிழ் விருத்தம் வந்தது. ஆகவே நாம் கற்ற தமிழுக்கு அது உறவாயிற்று. மீன் கொண்டுவந்த செய்தியைப் பாடும் பாட்டுக்கு அந்த உறவில்லை. வர்க்கத்தைப் பற்றி ஓயாது பேசிய நாம், இங்கே பண்டிதரின் தராசையே கையில் எடுத்தோம் என்பது என் கருத்து. தமிழ்ப் பட்டம் பெற்ற நானும் மாணவப் பருவத்தில், பைலா பாடிய அறைத்தோழனைக் கேலி செய்தவனே.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடிக்கு அருகேயுள்ள டச்பாரை அடித்துச் சென்றது. அங்கு நெருங்கி வாழ்ந்த பறங்கிக் குடும்பங்கள் பல உயிர்களை இழந்தன. எஞ்சியோரிற் பலர் திராய்மடுவிலும் பிற இடங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். போரின்போது அவுஸ்திரேலியா சென்றோரும் உளர். அவர்களின் போர்த்துக்கேயக் கலப்புமொழியை வீட்டிற் பேசுவோர் குறைந்துகொண்டே வருகின்றனர். என் வகுப்பிலிருந்த மாணவனொருவன், தன் பாட்டியும் அவளின் தங்கையும் சண்டையிடும்போது மட்டும் அம்மொழியிற் பேசுவார்கள் என்றான். அவனுக்குச் சொற்கள் தெரியா, ஆட்டம் தெரியும்.

அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவில், தென்மோடிக் கூத்தின் ஒரு காட்சிக்குப் பின்னர் கப்ரிஞ்ஞாவையும் சேர்க்க வேண்டுமென்று கேட்டேன். மூத்த ஆசிரியர் ஒருநாள் முழுவதும் என்னோடு பேசவில்லை, மறுநாள், "வயலினுக்கு ஆள் இருக்கா தம்பி?" என்றார். பையனின் மாமன், ஒரு தச்சுத் தொழிலாளி, தன் வயலினோடு வந்தார். நிகழ்ச்சிநிரலைத் தட்டெழுதிய லிகிதர் ஒவ்வொன்றுக்கும் நேரே ஆக்கியோன் பெயர் கேட்டார். கூத்துக்கு அண்ணாவியாரின் பெயரைக் கொடுத்தோம். அடுத்ததற்கு என்ன போடுவதென்று அவர் பேனாவோடு காத்திருந்தார். 'மட்டக்களப்புப் பறங்கியர் வழக்கு' என்று எழுதச் சொன்னேன். இடம் போதாதென்று அவர் அதை இரண்டு வரியாக மடித்து எழுதினார்.