பெர்லின் குதிரை போட்ட கணக்கு



பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தன் குதிரை ஹான்ஸுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். அது குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் 13 பேர் குழு ஆராய்ந்து, மோசடி ஏதும் இல்லை என்றது.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் சோதித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் கண்ணில் படாதபோதும் ஹான்ஸ் தவறியது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை, அவரையறியாமல் இம்மியளவு அசையும். உடனே குதிரை நிறுத்திவிடும். 1907-இல் இதை நூலாக எழுதினார். ஆஸ்டன் கடைசிவரை ஏற்கவில்லை; 1909-இல் காலமானார்.

ஹான்ஸ் எண்ணைப் படிக்கவில்லை, மனிதரைப் படித்தது. 13 பேர் கண்ணுக்குத் தப்பியது, அந்த வாயில்லா ஜீவனுக்குத் தப்பவில்லை.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒன்று: விடை சொல்லும் பிள்ளை கரும்பலகையைப் பார்க்கிறதா, உங்கள் முகத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.